ஃபோர்-டென் பக்தர்கள் கவனத்திற்கு

போன வாரம் ஒரு ஜூனியர் பையன் போன் செய்தான். கோயம்புத்தூர்க்காரன். இங்கே ஒஹாயோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் 2003 மாடல் மஸ்டாங் ஜிடி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டான். (பொறாமையா என்று கேட்டால், ஆமாம்.)

"அண்ணா, ஸ்பிரிங் பிரேக்குக்குள்ள ஃபோர்-டென் போட்டுடலாம்னு இருக்கேன். போன வருஷம் நீங்கதான் எல்லார்கிட்டயும் அதைப் போடச் சொன்னீங்களாமே?"

சொன்னேன். மறுக்கவில்லை. லேப்பில் உட்கார்ந்துகொண்டு, கையில் காபியோடு, ஏதோ டெட்ராய்ட்டில் பிறந்து வளர்ந்தவன் மாதிரி அடித்துவிட்டேன். நான் அடித்துவிட்டதை என் ரூம் மேட் நம்பினான். அவனும் இதே காரைத்தான் வைத்திருக்கிறான். கேம்பஸ் வேலையில் வாரத்துக்கு இருபது மணி நேரம் தட்டு கழுவிச் சேர்த்த காசைக் கொண்டுபோய் பின் அச்சில் கொட்டினான். இப்போது ஜூனியரும் அதே குழியில் விழப் போகிறான் என்பதால்தான் இந்தக் கட்டுரை. இது பாதி பாவமன்னிப்பு, பாதி சண்டை. சண்டை யாரோடு என்பது போகப் போகத் தெரியும்.

கார் பைத்தியம் பிடிக்காதவர்களுக்காக ஒரு பத்தி. என்ஜின் சுற்றுவது கியர் பாக்ஸ் வழியாக நீளமான ஷாப்ட்டில் பின்னால் போகிறது. அங்கே பின் அச்சுக்கு நடுவில் ஒரு பூசணிக்காய் மாதிரி இருக்கிறதே, அதுதான் டிஃபரன்ஷியல். அதற்குள் ஒரு சின்னப் பல்சக்கரம், பினியன். அது ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. நம்மூர் மெக்கானிக்குகள் அதைக் கிரௌன் என்பார்கள். பினியனில் 11 பல், கிரௌனில் 36 பல் என்றால் 36ஐ 11ஆல் வகுக்க 3.27. மஸ்டாங் ஜிடி கம்பெனியிலிருந்து வந்தது இப்படித்தான். பினியனில் 10, கிரௌனில் 41 என்றால் 4.10. அதாவது ஷாப்ட் 4.10 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். எண் ஏற ஏற இழுவை கூடும், அந்த கியரில் எட்டும் உச்ச வேகம் குறையும். ஊரில் ஆர்.எக்ஸ். 100க்குப் பின் ஸ்பிராக்கெட்டில் இரண்டு பல் கூட்டிப் போட்டு "பிக்கப் பின்னுது மச்சி" என்று திரிந்தவர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. அதே சங்கதிதான், விலை மட்டும் டாலரில்.

(அது ஏன் 4.10, 3.73 என்று விசித்திரமான எண்கள், பேசாமல் 4.00 வைத்தால் என்ன என்று முதல் நாள் நானும் கேட்டேன். 40க்கு 10 என்று வைத்தால் பினியனின் ஒரு பல் எப்போதும் கிரௌனின் அதே நாலு பல்லோடுதான் மோதும். 41க்கு 10 என்றால் ஒவ்வொரு பல்லும் மாறி மாறி எல்லாப் பற்களையும் சந்திக்கும், தேய்மானம் சமமாகப் பரவும். அழகான விஷயம், ஆனால் இன்றைய சண்டைக்குத் தேவையில்லை.)

இப்போது பக்தர்களின் மந்திரத்துக்கு வருவோம். 4.10ஐ 3.27ஆல் வகுத்தால் 1.25. ஆகவே "எல்லா கியரிலும் 25 சதவீதம் அதிக இழுவை, அதுவும் என்ஜினைத் தொடாமலே!" இதைத்தான் நானும் லேப்பில் சொன்னேன். கணக்கு சரி. வரி வரியாகச் சரி. ஆனால் முழுப் பொய்.

ஏன் பொய் என்று காட்டுகிறேன். ஒரே ஒரு சூத்திரம் போதும்: மைல் வேகத்தை மொத்த கியர் விகிதத்தால் பெருக்கு, 336ஆல் பெருக்கு, டயர் விட்டத்தால் (அங்குலத்தில்) வகு. என்ஜினின் ஆர்.பி.எம். வந்துவிடும். இந்த காரின் டயர் 245/45, 17 அங்குல ரிம். விட்டம் சுமார் 25.7 அங்குலம். ஐந்து வேக கியர் பாக்ஸில் முதல் கியர் 3.38, இரண்டாவது 2.00, மூன்றாவது 1.32, நான்காவது 1.00, ஐந்தாவது 0.68. ஆறாயிரம் ஆர்.பி.எம். வரை இழுத்துவிட்டு கியர் மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல் 3.27ல் முதல் கியர் 41 மைல் வரை போகும். இரண்டாவது 70 வரை. மூன்றாவது 106 வரை. அதே காரில் 4.10 போட்டால் முதல் கியர் 33லேயே முடிந்துவிடும், இரண்டாவது 56ல், மூன்றாவது 85ல்.

இப்போது இரண்டு காரையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிடுங்கள். 33 மைலில் 4.10 கார் இரண்டாவது கியருக்குத் தாவியாக வேண்டும். அங்கே அதன் மொத்த விகிதம் 8.20. ஒரிஜினல் கார் இன்னும் முதல் கியரில், 11.05ல் இழுத்துக்கொண்டிருக்கிறது. 41 வரை ஒரிஜினல் கார்தான் அதிகம் இழுக்கிறது! அதற்கப்புறம் 56 வரை 4.10க்கு யோகம். 56ஐத் தாண்டியதும் அது மூன்றாவதுக்குப் போகும், விகிதம் 5.41. ஒரிஜினல் கார் 70 வரை இரண்டாவதிலேயே 6.54ல் நிற்கிறது. மறுபடி ஒரிஜினல் பக்கம். 70லிருந்து 85 வரை 4.10. அதற்கு மேல் அது நான்காவதுக்குப் போய்விடும், விகிதம் வெறும் 4.10, மூன்றாவதில் இருக்கும் ஒரிஜினல் காருக்கு 4.32. (ஆர்.பி.எம். ஏறும்போது என்ஜினின் முறுக்கு விசை இறங்கும் என்பதால் ஒரிஜினல் காரின் சாதகம் இந்த எண்கள் காட்டும் அளவுக்கு இருக்காது. ஆனால் அந்த இடங்களில் பெரும்பாலும் அது பின்தங்கவும் செய்யாது.)

ஆக "எல்லா கியரிலும் 25 சதவீதம்" என்பது நிஜம். "எல்லா வேகத்திலும் 25 சதவீதம்" என்பது கப்சா. நாம் ஓட்டுவது கியரிலா, வேகத்திலா? பின் அச்சு ஒரு குதிரை சக்தியைக்கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை. கியர் மாற்றும் இடங்களை நகர்த்திவைக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்குப் பிடித்த வேகம் எது, அங்கே என்ஜின் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அச்சை மாற்றுவது, பஸ் எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறி உட்காருவது.

"சைபர்லேர்ந்து அறுபது" என்று எல்லாரும் பீற்றிக்கொள்கிறார்களே, அதற்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3.27ல் ஒரே ஒரு தடவை கியர் மாற்றினால் அறுபது வந்துவிடும். 4.10ல் இரண்டாவது கியர் 56ல் முடிந்துவிடுவதால், கடைசி நாலு மைலுக்காக மறுபடி கிளட்ச் மிதிக்க வேண்டும். 3.73 போட்டால் இரண்டாவது கியர் 61 சொச்சம் வரை வரும். தப்பித்தது. 3.73க்குப் பெரிய தெய்வீக சக்தி ஒன்றும் இல்லை, இந்த டயருக்கும் இந்த கியர் பாக்ஸுக்கும் அது பொருந்துகிறது. வேறு காரில் பொருந்தாது.

முதல் 33 மைலில் 4.10தானே ஜெயிக்கிறது, கிளம்பும் வேகம்தானே முக்கியம் என்பீர்கள். சரி, அதையும் பார்ப்போம். இந்த என்ஜினின் முறுக்கு விசை 4,000 ஆர்.பி.எம்.மில் 302 பவுண்டு-அடி. முதல் கியர், ஒரிஜினல் அச்சு என்று பெருக்கி டயரின் ஆரத்தால் வகுத்தால், வழியில் விரயமாவதைக் கழிக்காமல், சுமார் 3,100 பவுண்டு தள்ளும் விசை. மொத்த காரே ஓட்டுபவனோடு சேர்த்து 3,500 பவுண்டு வாக்கில். அதில் பாதிக்கும் குறைவுதான் பின் சக்கரங்கள் மேல். கிளம்பும்போது எடை பின்னால் சாய்கிறது என்றாலும், சாதாரண ரோடு டயர் அவ்வளவு விசையைப் பிடித்துத் தாங்காது. அதாவது முதல் கியரில் ஒரிஜினல் அச்சே தேவைக்கு மேல். அதற்கு மேல் 25 சதவீதம் சேர்த்தால் கிடைப்பது புகையும் கருப்புக் கோடும்தான். ரூம் மேட்டின் கார் சிக்னலில் கிளம்பும் அழகைப் பார்க்க வேண்டுமே! "கீச்"சென்று ஒரு சத்தம், பக்கத்து மினிவேன் நிதானமாக முன்னால் போய்விடும், இவன் அப்போதுதான் இரண்டாவது கியரைத் தேடிக்கொண்டிருப்பான் :-)

டிராக்கில் கால் மைல் ஓட்டிப் பார்த்தோம். டைம் குறைந்தது, இல்லையென்று சொன்னால் பொய். நொடியில் பத்தில் இரண்டு பங்கு வாக்கில். அவன் வருடத்துக்கு இரண்டு தடவை டிராக்குக்குப் போகிறான். மீதி நாளெல்லாம் கேம்பஸ், படேல் கடை, மாதம் ஒரு தடவை அக்கா வீட்டுக்கு சிகாகோ.

இப்போது எதிர்க் கட்சி. ஒவ்வொரு கார் கூட்டத்திலும் ஒரு பெரியவர் இருப்பார், "4.10 எல்லாம் ரோட்டுக்கு ஆகாது தம்பி, ஹைவேயில் என்ஜின் அலறிச் செத்துவிடும்" என்பார். அவரையும் விடப்போவதில்லை. 1964ல் ஜிடிஓ வந்த காலத்து நான்கு வேக கியர் பாக்ஸில் கடைசி கியர் 1.00. இதே டயரை வைத்துக் கணக்குப் போட்டால், 4.10 அச்சில் 70 மைல் வேகத்துக்கு (நம் கணக்கில் 112 கிலோமீட்டர்) 3,750 ஆர்.பி.எம். நிஜமாகவே அலறும். ஆனால் இன்று ஐந்தாவது கியர் 0.68 இருக்கிறது. அதே 4.10, அதே 70 மைல், 2,550 ஆர்.பி.எம். ஒரிஜினல் அச்சில் 2,035. பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், நீண்ட தூரத்தில் காதுக்குள் ஒரு ரீங்காரம் உட்கார்ந்துகொள்ளும். செத்தெல்லாம் போகாது. பெரியவர் சொல்வது அவர் காலத்து கியர் பாக்ஸுக்குச் சரி. கியர் பாக்ஸ் மாறியது, அவர் வாக்கியம் மாறவில்லை.

பக்தர்கள் கதையும் அதேதான். "முதல்ல கியரை மாத்து, அப்புறம் மத்ததெல்லாம்" என்ற உபதேசம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். 1973ல் எண்ணெய்த் தடை, 1974ல் நாடு முழுக்க 55 மைல் வேக வரம்பு, 1975ல் சட்டமாகி 1978 மாடல்களிலிருந்து அமலான எரிபொருள் சிக்கன விதி. அமெரிக்க கார் கம்பெனிகள் அச்சு எண்ணைக் குறைத்துக்கொண்டே போயின. 1987லிருந்து 1993 வரை வந்த 5.0 லிட்டர் மஸ்டாங்குக்கு ஐந்து வேக கியர் பாக்ஸோடு கிடைத்த சாதாரண அச்சு 2.73! எழுபது மைலில் என்ஜின் 1,700ல் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த காரை வாங்கியவன் 3.55 போட்டால் கார் விழித்துக்கொள்ளும், சந்தேகமே இல்லை. உபதேசம் அந்த காருக்குப் பிறந்தது என்பது என் அனுமானம். 3.27 அச்சோடும் 3.38 முதல் கியரோடும் வந்த காருக்கு அதை அப்படியே ஓதுவது, தாத்தாவின் கண்ணாடியைப் பேரன் மாட்டிக்கொள்வது.

எண்ணை மட்டும் வைத்துப் பேசுபவர்களிடம் நான் இப்போதெல்லாம் இரண்டு காரைக் காட்டுகிறேன். 2006ல் வந்த கார்வெட் ஜி06. 505 குதிரை சக்தி. அச்சு என்ன? 3.42. "அய்யே" என்பீர்கள். அதன் ஆறாவது கியர் 0.50, எழுபது மைலில் 1,500 ஆர்.பி.எம்.தான் சுற்றும். முதல் கியர் 2.66, அச்சோடு பெருக்கினால் 9.10. மேலே சொன்ன 2.73 அச்சுக் கிழவனின் முதல் கியர் 3.35, பெருக்கினால் 9.15! கிளம்பும்போது இரண்டும் ஒரே பெருக்கல். அச்சு எண்ணைக் கேட்டால் ஒன்று சிங்கம், ஒன்று சோம்பேறி.

இன்னொன்று, 2018 மஸ்டாங் ஜிடி, பத்து வேக ஆட்டோமேட்டிக். சாதாரண அச்சு 3.15. ஃபோர்-டென் ஆசாமி கேட்டால் சிரிப்பார். ஆனால் அதன் முதல் கியர் 4.70. பெருக்குங்கள்: 14.8. நம் ரூம் மேட் தட்டு கழுவிப் போட்ட 4.10க்கு 13.9. சிரிப்பவர் யார் இப்போது?

டயரும் அப்படித்தான். பத்திரிகையில் படம் போடும் டிராக் காரில் 28 அங்குல டயர் மாட்டியிருப்பார்கள். அதில் 4.10 என்பது நம் 25.7 அங்குல டயரில் 3.76க்குச் சமம். அவன் 4.10 போட்டிருக்கிறான் என்று நாமும் போட்டால், நாம் போட்டது அவன் போட்டது இல்லை.

எங்கள் மாமா ஒருவர் சங்ககிரியில் லாரி வைத்திருக்கிறார். இந்த அச்சு விவகாரத்தை அவரிடம் போனில் விளக்கினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ரூட்டு, எவ்வளவு லோடு?" இரண்டாவது கேள்வி, "டயர் என்ன சைஸு?" எண்ணை அவர் கேட்கவே இல்லை. மெக்கானிக்கல் என்ஜினியரிங்கில் எம்.எஸ். படிக்கும் எனக்கு லேப்பில் இந்த இரண்டு கேள்வியும் தோன்றவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

செலவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் குற்ற உணர்ச்சி அங்கேதான் இருக்கிறது. கிரௌனும் பினியனும் கடையில் வாங்குவது பெரிய விஷயமில்லை. அவற்றைப் பொருத்துவதுதான் வித்தை. பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதை மெல்லிய தகடுகள் வைத்துச் சரி செய்ய வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு வாக்கில் இடைவெளி இருக்க வேண்டும். பல்லில் மை தடவிச் சுற்றிப் பார்த்து, தடம் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். புது கியரை முதல் சில நாள் மெதுவாக ஓட்டி, சூடேற்றி ஆறவிட்டு, சில நூறு மைல் ஆனதும் ஆயிலை மாற்ற வேண்டும். ரூம் மேட் போன கடையில் (பெயர் வேண்டாம்) இதில் எதைச் செய்தார்கள், எதை விட்டார்கள் என்று கடவுளுக்கே வெளிச்சம். ஐம்பது மைலைத் தாண்டியதும் பின்னாலிருந்து "ஊ......" என்று ஒரு ஊளை. ஆக்சிலரேட்டரை விட்டால் ஸ்ருதி மாறும். ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தான். இரண்டு மாதம் தாங்கினான். வேறு கடையில் கழற்றித் திரும்ப அமைக்க மறுபடி கூலி. இரண்டும் சேர்த்து எங்கள் அபார்ட்மென்டில் அவன் பங்கு வாடகை நான்கு மாதத்துக்கு வந்திருக்கும். நான் செலவழித்தது காபிக்கு மட்டும்.

வேகமானி தனிக் கூத்து. கியர் பாக்ஸ் சுற்றுவதை வைத்துத்தான் அது வேகம் சொல்கிறது. அச்சு மாறியது அதற்குத் தெரியாது. சரி செய்யும் வரை உண்மையில் 56ல் போகும்போது 70 காட்டியது. முதல் வாரம் முழுக்க ஹைவேயில் ஆள் ஆளுக்கு எங்களை ஹார்ன் அடித்துக் கடந்தார்கள். ஃபோர்-டென் போட்ட பெருமையில் போன வாரம்!

இதற்கு மேலும் ஒருவர் "ஆனா ஓட்டும்போது ஃபீல் வேற மாதிரி இருக்கு பாஸ்" என்பார். இருக்கும். ஐந்தாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது, கியர் குறைக்காமல் மிதித்தால் 4.10 கார் சட்டென்று இழுக்கும். மொத்த விகிதம் 2.79. ஒரிஜினல் காரில் 2.22. அந்த ஃபீலுக்கு இன்னொரு வழி இருக்கிறது: வலது கையை நீட்டி நான்காவது கியருக்கு வாருங்கள். ஒரிஜினல் அச்சிலேயே 3.27 கிடைக்கும். செலவு சைபர்.

ஜூனியரிடம் இதையெல்லாம் போனில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பாவம், பொறுமையாகக் கேட்டான். நான் சொன்னது இதுதான்: முதலில் நல்ல டயர் போடு, காசில் பெரும் பகுதி அங்கே போகட்டும். ஆறு மாதம் ஓட்டு. எந்த வேகத்தில் கார் சோம்புகிறது என்று குறித்து வை. அப்போதும் கை அரித்தால் 3.73, அதுவும் அந்தத் தகடு, மை விவகாரத்தைக் கேட்டால் முகம் சுளிக்காமல் விளக்கும் கடையில். வருடம் முழுக்க டிராக்கே கதி என்று இருப்பவனும், என்ஜினில் கேம் மாற்றி ஏழாயிரம் வரை சுற்றுபவனும் 4.10 போடட்டும், அவர்களோடு எனக்கு வழக்கில்லை. என்ஜின் எட்டும் ஆர்.பி.எம். மாறினால் மேலே போட்ட கணக்கு முழுக்க மாறும்.

"அப்ப போன வருஷம் ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. வாயில் சொல்ல 'ஃபோர்-டென்' நன்றாக இருந்தது. வேறு காரணம் எதுவும் அகப்படவில்லை.

ரூம் மேட்டின் காரில் இன்னும் அதே 4.10தான். மூன்றாவது தடவை கூலி கொடுக்க அவனிடம் தெம்பில்லை. ஜனவரியில் பனி கொட்டியதிலிருந்து முதல் கியரைத் தொடுவதே இல்லை, இரண்டாவதில் கிளம்புகிறான். இந்தக் கட்டுரையை அவனிடம் படித்துக் காட்டினேன். தட்டு கழுவிய விஷயத்தை எடுத்துவிடச் சொன்னான், நான் எடுக்கவில்லை. இந்த மாத மளிகைச் செலவு முழுக்க என்னுடையது என்று பேச்சு.